நம் காலத்தின் எழுத்தர்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதாகும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அது, தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கிறது. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்புக் கூடாது என்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் துன்பம் இழைக்கலாகாது என்றும் எச்சரிக்கிறது. இவ்வசனத்தை விளக்கும்போது முன்பெல்லாம் கடைவீதிக் கணக்குப்பிள்ளைகளை நாம் எடுத்துக்காட்டுவது வழக்கம். இப்பொழுது எடுத்துக்காட்டுகள் நம் முன்னாலேயே அமர்ந்திருக்கின்றனர்.

ஞாயிறுதோறும் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் பணிபுரியும் இளைஞர்களுக்கு நாம் வகுப்பு நடத்தி வருகிறோம். அவர்களில் பலர் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். சிலர் டெவலப்பர்கள், சிலர் டேட்டாபேஸ் நிர்வாகிகள். வகுப்பு முடிந்து தேநீர் அருந்தும் நேரத்தில் அவர்கள் தம் பணியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அதன் சாரத்தை ஓரளவு விளங்கிக்கொண்டோம். அவர்களின் பெற்றோர் பலருக்கும் அது விளங்கவில்லை என்பதையும் கண்டோம். "கம்ப்யூட்டரில் என்னவோ செய்கிறான்" என்பதே பெரும்பாலான வீடுகளின் பதில்.

டேட்டாபேஸ் என்பது ஒரு பெரிய கணக்குப் புத்தகம். கைபேசியில் நாம் அனுப்பும் பணம், ரயில் முன்பதிவு, மருத்துவமனைப் பரிசோதனை முடிவு, ரேஷன் அட்டை என யாவும் அத்தகைய புத்தகம் ஒன்றில் வரிகளாக எழுதப்படுகின்றன. அந்த எழுத்தில் நீதி தவறாதிருக்க ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவர் தம் கணக்கிலிருந்து மற்றொருவருக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பினால், ஓரிடத்தில் கழிக்க வேண்டும். மற்றோரிடத்தில் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையில் மின்சாரம் நின்றுபோனால்? கழித்தது கழித்தபடி நிற்க முடியாது. இரண்டும் நிறைவேறினால்தான் பதிவு உறுதியாகும்; அதனைக் கமிட் என்பர். இல்லையேல் எதுவுமே நடவாதது போல் பழைய நிலைக்குத் திரும்பும், அது ரோல்பேக். பாதி நீதி என்று ஒன்றில்லை என்பதை இயந்திரத்துக்கும் கற்பித்திருக்கிறார்கள்.

இந்தப் புத்தகத்தைச் சுற்றி இரு சாராருக்கும் ஓயாத வழக்கு நடக்கிறது. குறித்த தேதிக்குள் புதிய வசதியைக் கொடுத்தாக வேண்டும் என்பது டெவலப்பரின் கவலை. இருப்பது கெட்டுவிடக் கூடாது என்பது நிர்வாகியின் கவலை. வெள்ளி மாலையில் புதிய நிரலை ஏற்ற ஒருவர் துடிப்பார். சனி ஞாயிறு முழுவதும் அதன் விளைவைச் சுமக்க வேண்டியவர் மறுப்பார். டெவலப்பரின் கணினியில் ஆயிரம் வரிகளில் நொடியில் கிடைத்த விடை, உண்மையான சர்வரில் கோடி வரிகளுக்கிடையே தேடும்போது பல நிமிடங்கள் எடுக்கும். தேடுவதற்குரிய அட்டவணை, அதாவது இண்டெக்ஸ், இல்லாமையே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

மத்ரஸாவில் பயின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு சொல் குர்ஆனில் எங்கெங்கே வருகிறது என்று பார்க்க, மனனம் இல்லாதவர் மதீனா முஸ்ஹஃபின் 604 பக்கங்களையும் புரட்டலாம். அல்லது முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகி தொகுத்த சொல்லடைவை எடுத்துக் கண நேரத்தில் காணலாம். ஆனால் டேட்டாபேஸில் ஒரு சிக்கல் உண்டு. குர்ஆனில் புதிதாக எதுவும் சேராது. கணக்குப் புத்தகத்திலோ ஒவ்வொரு விநாடியும் புது வரி சேர்கிறது. வரி சேரும்போதெல்லாம் அட்டவணையையும் திருத்த வேண்டும். அட்டவணைகள் மிகுந்தால் எழுதும் வேலை தாமதமாகும். எத்தனை வைப்பது என்பதில்தான் இவர்களின் அன்றாட விவாதம்.

எல்லாவற்றினும் பெரிய அச்சம் இழப்பைப் பற்றியது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இத்துறையினர் இன்றும் பாடமாகச் சொல்கின்றனர். இரவு நெடுநேரம் பணியாற்றிய பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரின் தரவுகளை அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது. பேக்கப் எடுக்கப் பல ஏற்பாடுகள் இருந்தன. ஆயினும் வழக்கமான பேக்கப், மென்பொருளின் பதிப்பு பொருந்தாமையால் சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல்தான் இறுதியில் கைகொடுத்தது. நிறுவனம் அவரைப் பலியாக்கவில்லை. நடந்தவற்றை உலகறிய எழுதி வெளியிட்டது.

ஹிஃப்ழு வகுப்பில் நாம் நாள்தோறும் காண்பதும் இதுவே. பழைய பாடத்தை ஓதிக்காட்டாத மாணவர், தமக்கு மனனம் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். ஓதச் சொன்னால்தான் தெரியும். பேக்கப்பும் அவ்வாறே, மீட்டெடுத்துப் பார்க்கும்வரை அது பேக்கப் அன்று, நம்பிக்கை மட்டுமே.

இந்தக் காவலுக்கு இரவும் பகலும் இல்லை. மக்கள் குறைவாகப் பயன்படுத்தும் நேரம் என்பதால், பராமரிப்புப் பணியை ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு வைத்துக்கொள்கின்றனர். ஆன்-கால் முறை வரும் வாரத்தில் கைபேசியைத் தலைமாட்டில் வைத்தே உறங்குகின்றனர். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கோடைக்காலத்துக் காலை ஒன்பது மணி, சென்னையில் மாலை ஆறரை, மக்ரிபு வேளை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அக்கூட்டம் ஏழரைக்கு நகர்ந்து இஷாவை நெருங்கும். கூட்டத்தை அரை மணி நேரம் தள்ளிவைக்கக் கேட்டுப் பெற்றவர்களும் நம் மாணவர்களில் உளர். தொழுகை நேரத்தில் உடன் பணிபுரியும் சகோதரரிடம் பொறுப்பை ஒப்படைத்து, அவருடைய பண்டிகை நாள்களில் அவர் பொறுப்பைத் தாம் ஏற்பவர்களும் உளர். இதை அறியாத வீட்டில், பகல் பத்து மணிக்கு உறங்கும் மகன் சோம்பேறியாகத் தெரிகிறான். எழுதுபவருக்குத் துன்பம் இழைக்கலாகாது என்னும் கட்டளை நிறுவனங்களுக்கு மட்டும் உரியதென நாம் கருதவில்லை.

உடல் சோர்வைவிடக் கடுமையான சோதனையும் உண்டு. டேட்டாபேஸ் நிர்வாகியான மாணவர் ஒருவர் ஒரு ஞாயிறன்று வகுப்பு முடிந்தும் எழாமல் அமர்ந்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவரின் புகார் வந்த தேதியை மூன்று நாள் பிந்தியதாக மாற்றிவிடுமாறு மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். தாமதம் வெளியே தெரியாமலிருக்க அந்த ஏற்பாடு.

"ஒரே ஒரு வரிதான் ஹஜ்ரத். பத்து விநாடி வேலை. முடிவு அவருடையது, கை மட்டும்தான் என்னுடையது. குற்றம் என் மேல் வருமா?" என்று கேட்டார்.

அந்த நீண்ட வசனத்தையே அவருக்கு நினைவூட்டினோம். கொடுப்பவரையும் வாங்குபவரையும் விளித்த இறைவன், எழுதுபவரைத் தனியே குறிப்பிட்டு நீதியைக் கட்டளையிடுகிறான். கை மட்டுமே என்று எழுத்தர் ஒதுங்கிக்கொள்ள அங்கே இடமில்லை. மறுநாள் அவர் மேலதிகாரியிடம், எழுத்து மூலம் டிக்கெட் தந்தால் முறைப்படி பரிசீலிப்பதாகப் பணிவுடன் கூறினார். டிக்கெட் வரவில்லை. அடுத்த மாதம் அவர் அப்பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார்; காரணம் சொல்லப்படவில்லை.

சில நாள்களில் அவருடைய அத்தா நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், வீட்டுக் கடன் பாதிக்கு மேல் பாக்கி இருக்கு. ஒரு வரிக்காக இவன் இப்படிப் பண்ணலாமா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மாதத் தவணையின் சுமையைச் சுமப்பவர் அவரும்தான்.

"பாய், நீங்கள் அடைத்த தவணையின் தேதியை வங்கியில் ஒருவர் மூன்று நாள் தள்ளிப் போட்டு, அபராதமும் கேட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம்.

வெகுநேரம் அவர் பேசவில்லை. எழும்போது, "நான் வந்து கேட்டேன்னு அவன்கிட்டச் சொல்லிடாதீங்க" என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

இந்த அமானிதத்தைக் காப்பதில் குடும்பத்தாராகிய நமக்கும் பங்குண்டு. வங்கியில் பணிபுரியும் தம்பி மகனிடம், "பெண் கேட்டு வந்திருக்கும் மாப்பிள்ளையின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, பார்த்துச் சொல்" என்று கேட்கும் உறவினர்களை நாம் அறிவோம். நல்லெண்ணத்தில் கேட்பதாகவே அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் பிறர் மறைவைத் துருவி ஆராய்வதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. தனிமனிதத் தரவுகளைப் பாதுகாக்க 2023இல் நம் நாட்டிலும் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. யார் எந்த வரியைப் பார்த்தார் என்பதையும் பல இடங்களில் லாக் குறித்து வைக்கிறது. ஒரு நிமிட ஆவலுக்காக அந்த இளைஞரின் வேலையையும் மறுமையையும் பணயம் வைக்குமாறு நாம் கேட்கிறோம்.

மாப்பிள்ளையைப் பற்றி அறிய வேண்டுமாயின் அவருடைய மஹல்லாவில் விசாரிப்போம், அவரிடமே கேட்போம். சாவி நம் பிள்ளையின் கையில் இருக்கிறது என்பதற்காகப் பிறர் பெட்டியைத் திறக்கச் சொல்லாதிருப்போம். இரவெல்லாம் கணக்கைக் காத்து ஃபஜ்ரையும் தொழுது படுத்த பிள்ளையின் அறைக் கதவை ஓசையின்றிச் சாத்துவோம். நம் காலத்தின் எழுத்தர்களுக்கு நீதியில் உறுதியையும், உடலில் ஆரோக்கியத்தையும் அல்லாஹ் அருள்வானாக.