மாத்தளை மலைவழியே

யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு நீர் என்பது நிலத்துக்குக் கீழே கிடப்பது. அங்கே மலை இல்லை. வற்றாது ஓடும் ஆறும் இல்லை. பெய்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி மறைந்துவிடும். அதனைத் துலாவினாலும் கப்பியினாலும், இக்காலத்தில் மின்பம்பியினாலும், மேலே கொணர்தல் வேண்டும். அருவியைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே கண்ட எம் பிள்ளைகளுக்கு அதனை நேரிற் காட்டவேண்டும் என்பது எமது நெடுநாளைய விருப்பம். 2024 ஆம் ஆண்டு தைப்பொங்கலை அடுத்து வந்த வாரவிடுமுறையில் அது கைகூடிற்று. எம் தாயாரும் இல்லாளும் பிள்ளைகள் இருவருமாக, ஒரு வாடகை வானில் ஏ9 வீதி வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டோம்.

மதவாச்சியில் மன்னார் வீதி வந்து கலக்கிறது. இவ்வழியாற் செல்லும் மாணவர்கள் அவ்விடத்திற் சற்றே நின்று மேற்குத் திசையை நோக்குதல் நன்று. 1820களிலிருந்து, கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்யவெனத் தென்னிந்தியாவிலே தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், 100 மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் காட்டினூடே கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் தாகமும் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே கொண்டுபோயின. 2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே சென்றனர். அந்நடைக்கு இரு வாரங்கள் பிடித்தன. எமது வண்டியோ மதவாச்சியிலிருந்து மாத்தளைக்கு மூன்று மணி நேரத்திற் சென்றுவிட்டது. இடையில் தேநீருக்கும் நிறுத்தினோம்.

தம்புள்ளை, நாவுல, நாலந்தை எனக் கடந்து போகப் போகக் காற்றிலே ஈரம் கூடுகிறது. கொக்கோ மரங்களும், மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக்கொடிகளும் வீதியோரத்திற் காணப்படுகின்றன. மாத்தளை நகருள் நுழைவோரை முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராசகோபுரம் எதிர்கொள்ளும். வழிநடையாக வந்தோர் இளைப்பாறிய இடத்தில் அம்பாளை வைத்து வணங்கியதே இக்கோயிலின் தொடக்கம் என்பர். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்திலே தீக்கிரையாகிப் பின்னர் மீண்டெழுந்த ஆலயம் இது. மாசிமகத்தில் இங்கே ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. அன்றிரவு நகரிலே தங்கினோம்.

மறுநாட் காலையில் இரத்தோட்டை வீதியால் ஏறத் தொடங்கினோம். தேயிலைச் சரிவொன்றின் ஓரத்திலிருந்த சிறுகடையிலே தேநீர் அருந்துகையில், கொழுந்துக் கூடையுடன் வந்த மூதாட்டி ஒருவர் எம் தாயாரோடு பேச்சுக் கொடுத்தார்.

"எங்கிருந்தும்மா வர்றீங்க?"

"யாழ்ப்பாணம், பிள்ளை. இதுகளுக்கு அருவி காட்ட வந்தனாங்கள்."

"எங்களுக்கு அது ராத்திரியெல்லாம் கேக்குற சத்தம்மா. லயத்துக் குழாயில தண்ணி வந்தா வரும். வராட்டி குடத்தைத் தூக்கிக்கிட்டுப் பீலிக்குத்தான் போகணும்."

மலையூற்றின் நீரைத் தகரத்தாலோ மூங்கிலாலோ வழிப்படுத்தி விழச்செய்த இடத்தை அங்குள்ளோர் பீலி என்பர். அருவி முழங்கும் மலையிலே குடிநீருக்குக் குடம் சுமக்கும் வாழ்க்கையும் உண்டென்பதை எம் பிள்ளைகள் அன்றே அறிந்தனர். தாயாரோ, தம் இளமையிற் பொதுக்கிணற்றடியிலே வரிசையில் நின்ற கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். இருவரையும் பிரித்து வண்டியில் ஏற்றுவதற்குள் அரைமணி நேரம் சென்றது. இம்மக்களைத் 'தோட்டக்காட்டார்' என்று இகழ்ந்த வாய்கள் எம் குடாநாட்டிலே பல இருந்தன. அவ்வாய்களுக்கு உரியோர் ஒருமுறையேனும் இவ்வழியாகப் பிரயாணம் செய்திருக்கலாம்.

இரத்தோட்டையைக் கடந்தபின் பம்பரகிரி எல்ல. 'பம்பர' என்பது சிங்களத்தில் மலைத்தேனீ. 'எல்ல' என்பது அருவி. தொங்குபாலமும் பாறைத் தடாகமும் அழகியவை. கூட்டம் மிகுதியாயிருந்தமையால் நாம் அங்கே நீடித்து நிற்கவில்லை.

அதற்கப்பால் வீதி கொண்டையூசி வளைவுகளாக முறுகி, ரிவர்ஸ்டன் கணவாயை அடைகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகடுகளுள் ஒன்று அது. மடக்கிய கைவிரல்களின் முட்டிகள் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் நக்கிள்ஸ். சிங்களவர் தும்பறை மலை என்பர். 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ இதனை ஏற்றது. கணவாயிற் காற்று ஆளையே தள்ளுகிறது. மரங்களும் அதற்கஞ்சிக் கூனிக் குறுகி நிற்கின்றன. முகட்டைத் தாண்டிக் கீழ்த்திசைக்கு இறங்கினால் பிட்டவல பத்தன என்னும் புல்வெளி. நக்கிள்ஸிலன்றி வேறெங்கும் காணப்படாத தவளையினம் ஒன்று இதன் ஈரப்பாறைகளில் வாழ்கிறது.

அங்கிருந்து மேலும் கீழிறங்கிச் சேர எல்லவை அடைந்தோம். அதன் உயரம் சுமார் 10 மீற்றரே. ஆயினும் நாம் கண்ட அருவிகளுள் எம் மனத்தைக் கொண்டது இதுவே. படிக்கட்டால் இறங்கினால், நீர்த்திரைக்குப் பின்னே ஒரு குகை. அதனுள்ளே நின்று நோக்கும்போது, வெண்ணீரின் ஊடாகக் காடு முழுவதும் நடுங்குவதுபோலத் தோன்றும். பேசுவது காதில் விழாது.

இளையவன் எம் செவியருகே வந்து, "அப்பா, இதை ஆர் நிப்பாட்டுறது?" என்று கத்திக் கேட்டான். மின்பம்பியை நிறுத்த மறந்தால் வீட்டிலே ஏச்சு வாங்குபவன் அவன்.

"பம்பி இல்லாமல் ஓடுற தண்ணி, ராசா. ஓடட்டும்," என்றார் எம் தாயார்.

அந்நீர் வீணாகப் போவதன்று. இம்மலைப்புறத்து ஓடைகள் அம்பன் கங்கையிற் சேர்ந்து மகாவலியை அடைகின்றன. மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளத்துக்கு எலகெரக் கால்வாய் வழியே நீர் ஊட்டியது அம்பன் கங்கையே. இன்று அதன் குறுக்கே மொரகஹகந்தை நீர்த்தேக்கம் உள்ளது.

செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். வடகீழ்ப் பருவமழை தணியும் தை, மாசி மாதங்கள் உகந்தவை. பாறைகள் வழுக்கும், சிறுவரின் கையை விடலாகாது. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் இம்மாவட்டத்தையும் மண்சரிவுகளால் வருத்தியமையால், வீதியின் நிலையை மாத்தளையிலேயே விசாரித்து ஏறுக. இருட்டுமுன் ரிவர்ஸ்டனைக் கடந்துவிடுதலும் வேண்டும். அங்கே பனிப்புகார் இறங்கினால் முன்விளக்கின் ஒளியும் பத்தடிக்கு அப்பாற் செல்லாது.