முன்னால் போன குரல்

பால்கனிச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் சைக்கிளின் பின்சக்கரத்தை, துணி காயப்போட வரும்போதெல்லாம் கையால் ஒருமுறை சுற்றிவிடுவேன். கிர்ர்ரென்று ஓடி, டிக் டிக் டிக் என்று தளர்ந்து, நின்றுவிடும். மிதிக்காமல் வண்டி தானாக உருளும்போது ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்னப் பற்கள் தட்டுகிற ஓசை. வேளச்சேரியில், ஆறாவது மாடியில், அது பத்து வினாடி கேட்டால் அதிகம். மலையிலிருந்து இறங்கும்போது பத்து நிமிடம் விடாமல் கேட்ட ஓசை அது. அப்போது நான் அதைக் கவனித்ததே இல்லை. முன்னால் ஒரு குரல் போய்க்கொண்டிருந்தது; காது அங்கே இருந்தது.

2018ஆம் ஆண்டு. எடின்பரோவில் எனக்கு நான்காவது வருடம். அந்தக் கோடையை ஸ்காட்லாந்துக்காரர்களே நம்பவில்லை. நாள்கணக்கில் மழை இல்லை. வருடம் முழுக்கச் சேறு தெறிக்கும் காட்டுப் பாதைகளில் புழுதி கிளம்பியது. புல்வெளி வைக்கோல் நிறத்துக்கு வந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். ஐந்தரைக்கு வேலை முடிந்தால் இன்னொரு பகல் முழுசாகக் கையில் இருக்கும். ஏங்குவதற்கு ஒரு வரிசை உண்டென்றால், என் வரிசையில் முதலில் நிற்பது அந்த இரண்டாம் பகல். இங்கே ஆறரைக்கு இருட்டிவிடுகிறது. இருட்டிய பிறகு ஒரு மணி நேரம் ரேடியல் ரோட்டில் நிற்கிறேன். காரில் ஏசி ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது. கார் ஓடுவதில்லை.

அண்ணாவை நான் சந்தித்தது ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில். அம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "தம்பி தமிழோ?" என்று கேட்டது. ஐம்பதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர், நகரப் பேருந்து ஓட்டுநர். கையில் என்னுடையதைவிட நல்ல மலைச் சைக்கிள். "நாள் முழுக்க பஸ் ஓடுறன். பின்னேரம் சைக்கிள் ஓடுறன். ஓடுறதுதான் தலையெழுத்து" என்று சிரித்தார். நாம் சைக்கிள் ஓட்டுவோம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடுவார்கள். அந்த ஒற்றை எழுத்து வித்தியாசம் அன்று வேடிக்கையாக இருந்தது. அவர் பின்னால் நாலு மலை இறங்கிய பிறகு புரிந்தது: நான் ஓட்டினேன், அவர் ஓடினார்.

போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தையே சுமந்தது சைக்கிள்தான். நோயாளியும் அதில்தான், விறகும் அதில்தான். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பார்களாம். "சுத்துறதை நிப்பாட்டினா செய்தியும் நிண்டுபோம்" என்பார். அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி அவர் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

வார நாட்களில் பென்ட்லண்ட் குன்றுகள். நகரத்தின் தெற்கு விளிம்பிலேயே அவை தொடங்கிவிடும். அங்கே 2003இல் வந்த ஒரு சட்டத்தின்படி, பொறுப்பாக நடந்துகொள்கிற எவரும் பெரும்பாலான நிலங்களின் வழியே நடக்கலாம், சைக்கிளில் போகலாம். வேலிக் கதவைத் திறந்து, உள்ளே போய், ஆடுகள் வெளியேறிவிடாமல் திரும்பச் சாத்த வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இரும்புத் தாழ்ப்பாள் விழும் அந்த 'க்ளிங்'. அதற்குப் பிறகு அலுவலகம் இல்லை, விசா இல்லை, வீட்டு வாடகை இல்லை. அந்தத் தாழ்ப்பாள் ஓசைக்காகவும் ஏங்குகிறேன்.

ஹார்லா நீர்த்தேக்கத்துக்கு ஏறும் வழியில் கோர்ஸ் என்கிற முள்புதர் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கும். வெயில் பட்டால் அந்தப் பூ தேங்காய் மணக்கும். பொய்யில்லை, துருவிய தேங்காயின் மணமேதான். முதல் நாள் அண்ணா சைக்கிளை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து நின்றார். நானும் நின்றேன். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிறந்த இரண்டு பேர், தென்னையே இல்லாத தேசத்தில் ஒரு முள்செடிக்கு முன்னால். இப்போது வீட்டில் தினமும் தேங்காய் துருவுகிறோம். மணக்கத்தான் செய்கிறது. நின்று மூச்சை இழுக்கத் தோன்றுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் க்ளென்ட்ரெஸ் காடு. ட்வீட் ஆற்றங்கரையில் பீபிள்ஸ் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில், எடின்பரோவிலிருந்து அவருடைய பழைய காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாதைகளுக்கு நிறத்தில் தரம் உண்டு. பச்சை குழந்தைகளுக்கு, அடுத்து நீலம், பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. நீலத்தில் தொடங்கி அந்தக் கோடையில் சிவப்புக்கு வந்திருந்தேன். ஒரு மணி நேரம் மூச்சிரைக்க ஏற வேண்டும். உச்சியில் ஸ்பூக்கி வுட். இங்கே நாம் பேய்க்காடு என்றிருப்போம். ஹேண்டில்பாரில் ஒரு விசையைத் தட்டி, உடம்பால் அழுத்தினால் சீட் கீழே இறங்கிவிடும். பெடல்களின் மேல் எழுந்து நிற்க வேண்டும். பிறகு காடு நம்மை நோக்கி வரத் தொடங்கும். வளைவுகளின் வெளிப்பக்கத்தை மண்ணால் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். பொருட்காட்சி மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள்காரர் சாய்வது போல, சாய்ந்தால்தான் விழாமல் போக முடியும்.

எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் அண்ணா. திரும்பிப் பார்க்கமாட்டார். பின்னால் வருகிறவனுக்காகச் சொல்லிக்கொண்டே போவார்.

"கவனம், வேர்!"

"கல்!"

"சறுக்கும், சறுக்கும்!"

"பிரேக்கை விடும் தம்பி, விட்டால்தான் அது ஓடும்!"

தமிழில் ஒரு ஸ்காட்லாந்துக் காடு இறங்கிவரும். நான் வேரைப் பார்ப்பதற்கு முன்பே வேர் என்ற சொல் வந்துவிடும். முழங்கால் தானாக மடங்கிவிடும். ஆரம்பத்தில் ஒருமுறை நேராக ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தில் போய் மோதினேன். தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தவனிடம் அவர் சொன்னார்: "மரத்தைப் பாராதையும். பாக்கிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில இருக்கிற வெளியைப் பாரும்." இந்த வித்தையைச் சொல்லித்தரும் எல்லோரும் சொல்வதுதான் இது. அவர் சொன்னபோது வேறு எதையோ சேர்த்துச் சொன்னது போல இருந்தது. நான் கேட்கவில்லை.

கீழே வந்ததும் கார் டிக்கியைத் திறந்து உட்காருவோம். ஃப்ளாஸ்கில் தேத்தண்ணி. அவர் வீட்டு அக்கா கட்டிக்கொடுத்த வாய்ப்பன் என்கிற பலகாரம், எண்ணெய் ஊறிய காகிதத்தில். கன்னமெல்லாம் புழுதி. பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாமை எவ்வளவு பெரிய சொத்து என்று இருபத்தெட்டு வயதில் யாருக்குத் தெரியும்?

ஜூலையில் ஒரு வாரம் பிரான்ஸ் போனோம். ஆல்ப்ஸில் மோர்ஸின் என்ற ஊர். பனிச்சறுக்குக்காகப் போட்ட கம்பிவடத் தொட்டில்கள் கோடையில் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிவிடும். ஏற வேண்டிய வேலையே இல்லை; இறங்க வேண்டியதுதான். முதல் இரண்டு நாள் குழந்தைகளைப் போலச் சிரித்துக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் இரவு முன்கை வலியில் இருவராலும் முள்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. நாங்கள் போன வாரத்தில்தான் உலகக்கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. பிரான்ஸ் நான்குக்கு இரண்டு என்று குரோஷியாவை வென்ற மாலையில், அந்தச் சின்ன மலையூரில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. முகம் தெரியாத ஒரு கிழவர் அண்ணாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார்.

நான்காம் நாள் லெ லிண்டாரே என்ற கிராமத்துக்குப் போனோம். தெருவெல்லாம் வெள்ளாடுகள், கடை வாசலிலும் காரின் நிழலிலும் அவை அசைபோட்டுக் கிடந்தன. அங்கிருந்து இன்னொரு கம்பிவடம் மோசெத் சிகரத்துக்கு ஏற்றிவிட்டது. 2,277 மீட்டர். மேலே முகடுதான் எல்லை. இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து. கம்பி இல்லை, காவல் இல்லை. புல்லும் காற்றும், கீழே எங்கோ மாட்டுக் கழுத்துமணியும்.

அண்ணா முதுகுப்பையின் சின்ன அறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடவுச்சீட்டு. எங்கே போனாலும் அது அந்த அறையில் இருக்கும்.

"இதிலயோ எல்லை?"

"இதுதான் அண்ணா."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி அந்தப் பக்கம் போனார். திரும்பி நாலடி இந்தப் பக்கம் வந்தார். பிறகு, மலையைப் பார்த்தபடி, 1995 அக்டோபர் 30ஆம் தேதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளியேறியபோது தன்னுடைய ரலி சைக்கிளின் கேரியரில் அம்மாவை உட்காரவைத்து உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததைச் சொன்னார். மழை. ஓட இடமில்லாத கூட்டம். விடியும்வரை உருட்டினாராம். இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, என்ன?" என்றார் கடைசியாக.

சீட்டை இறக்கிவிட்டு சுவிட்சர்லாந்துக்குள் ஓடினார். அந்த இறக்கத்தில் மட்டும் அவர் ஒரு வேரையும் எனக்குச் சொல்லவில்லை.

ஆல்ப்ஸ் பெரியது. ஆனால் அங்கே இறங்கிய பாதைகளின் பெயர்கள் எனக்கு மறந்துவிட்டன. கண்ணை மூடினால் வருவது க்ளென்ட்ரெஸ்தான். இடதுபக்க அடிமரம், அதைத் தாண்டியதும் நனைந்த கல், அதற்கப்புறம் திடீரென்று திறக்கும் வானம், எல்லாம் வரிசையாக வரும். வெளிநாடு போய்ப் பார்த்தது கதையாக மிஞ்சியது. வாரம் தவறாமல் போனது உடம்பாக மிஞ்சியிருக்கிறது. அதையும் 'உள்ளூர்' என்று சொல்ல எங்கள் இருவருக்கும் என்ன உரிமை? ஜெனீவாவிலிருந்து திரும்பிய விமானம் எடின்பரோவில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நீர்க்கோடுகள். அண்ணா தூக்கத்திலிருந்து விழித்து, "வீட்டை வந்திட்டம்" என்றார். சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டவர் போல, சும்மா இருந்தார்.

அடுத்த வருடம் அப்பா போனார். அம்மா தனியாக இருந்தாள். நான் திரும்பிவிட்டேன். சைக்கிளைப் பெட்டியில் கட்ட அண்ணாதான் வந்தார். பெடல்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி, "போய்ப் பூட்டேக்க கிரீஸ் பூசும்" என்றார். விமான நிலையத்தில் வேறெதுவும் சொல்லவில்லை.

2021இல் முழங்கால் அவரை மகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, டொரோண்டோவுக்கு. அந்த வருட நவம்பர் கடைசியில் அர்வென் புயல் ட்வீட் பள்ளத்தாக்கின் காடுகளில் மரங்களைச் சாய்த்துப்போட்டது. என் இடதுபக்க அடிமரம் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது? 2023 ஆகஸ்டில் மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப் போட்டி க்ளென்ட்ரெஸிலேயே நடந்தது. டாம் பிட்காக் வென்றார். நான் பெரிய டிவியில் பார்த்தேன். இலை ஒவ்வொன்றும் தெரிகிற துல்லியம். ஆனால் கேமரா சரிவைத் தட்டையாக்கிவிடுகிறது. எவ்வளவு செங்குத்தான இறக்கமும் அதில் மொட்டைமாடி போலத்தான் தெரியும். தேங்காய் மணக்கவில்லை. கூட்டத்தின் ஆரவாரத்துக்குள் ஒரு 'கவனம்' கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பைத்தியம்தான்.

இங்கே குறையொன்றும் இல்லை. ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு குழுவோடு மாமல்லபுரம்வரை போய்வருகிறேன். வழவழப்பான தார். கடற்காற்று. முடிவில் சூடான பொங்கல், நல்ல காபி. யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டிய அவசியமில்லாத சாலை அது. அதுதான் பிரச்சினை. மலைச் சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டேன். டயருக்குள் ஊற்றிய ரப்பர் பால் எப்போதோ காய்ந்துவிட்டது. சக்கரத்தைச் சுற்றும்போது உள்ளே ஏதோ உருண்டு விழுகிறது.

உங்களுக்கும் ஒருவர் இருந்திருப்பார். சைக்கிளில்தான் என்றில்லை. வயல் வரப்பில் டார்ச்சைக் கீழே அடித்தபடி 'பள்ளம், பாத்து' என்று சொல்லிக்கொண்டே முன்னால் போன தாத்தாவாக இருக்கலாம். கோயில் குளத்தில் 'பாசி, வழுக்கும்' என்ற சித்தியாக இருக்கலாம். அந்தக் குரல் நின்றபிறகும் நாம் நடந்துகொண்டுதான் இருக்கிறோம், விழாமலும் இருக்கிறோம். ஆனால் முன்னால் யாருமில்லை என்பது முதுகுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

மாதம் ஒருமுறை டொரோண்டோவுக்குப் பேசுகிறேன். "முழங்கால் விடுகுதில்லை தம்பி. இஞ்ச ஒரே பனி" என்கிறார். பேரப்பிள்ளைக்குப் பச்சைப் பாதை பழக்க வேண்டுமாம். சிரிக்கிறார். அதே குரல்தான். ஆனால் போனில் அது எதிரில் இருக்கிறது. எனக்கு வேண்டியது முன்னால் போகிற குரல், முகம் காட்டாமல், காற்றில் பாதி பிய்ந்து, பின்னால் வருகிறவனை நம்பி விட்டுவிட்டுப் போகிற அந்தக் குரல்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு எரியவில்லை. தூங்குமூஞ்சி மரம் நடைபாதைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. நான் இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே வாயில் வந்தது.

"கவனம், வேர்."

அம்மா நின்றாள். "என்னடா, கவனம் கிவனம்னு புதுசா பேசுற?"

"பழசும்மா" என்றேன்.