பாக்கெட் எண்ணெய்க்குப் பத்து மதிப்பெண்

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் போதிக்கிறேன். விடைத்தாள் திருத்துவதைவிடக் கோப்பு கட்டுவதுதான் இப்போது பெரிய வேலை. ஒவ்வொரு கேள்வியும் எந்தக் 'கற்றல் விளைவை' அளக்கிறது என்று எக்செல்லில் குறிக்க வேண்டும். போதிய பேர் பாதி மதிப்பெண்ணைத் தாண்டினால் கட்டம் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

2007-இல் எம்.கியூ.ஏ. அமைக்கப்பட்டதிலிருந்து இந்தச் சொல் எங்களோடே இருக்கிறது. யோசனை கெட்டதல்ல. நான் படித்தபோது 'சிலபஸ் முடிஞ்சதா?' என்பதோடு சரி. ஆனால் பச்சைக் கட்டம் எதை அளக்கிறது?

உச்சவரம்பு விலையை எடுத்துக்கொள்வோம். சமநிலைக்குக் கீழே ஒரு கோடு, பக்கத்தில் 'பற்றாக்குறை'. எல்லோரும் போட்டுவிடுவார்கள். மினி மார்க்கெட்டில் பகுதிநேர வேலை பார்க்கும் ஒரு மாணவி வகுப்பில் கேட்டார்: "சார், பாக்கெட் எண்ணெய் ரெண்டு வெள்ளி ஐம்பது காசு. மீதிக் காச அரசாங்கம் கொடுக்குதுல்ல? அப்புறம் ஏன் எங்க கடையில தீந்து போகுது?"

சரியான கேள்வி. 2016 நவம்பரிலிருந்து அந்த மானியம் ஒரு கிலோ பாக்கெட்டுக்கு மட்டும்தான். மாத ஒதுக்கீடு 60,000 டன். விலை குறைவென்று ஆலை உற்பத்தியைக் குறைக்கிறது என்ற பாடப்புத்தகக் கதை இங்கே ஒட்டாது. வீட்டுக்கென்று வரும் பாக்கெட்டைச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ஆள் விட்டு வாங்கிப் போவதைத் தேர்வில் அரைப் பக்கம் எழுதியிருந்தார். வரைபடம் கோணல். துறையின் மதிப்பெண் திட்டப்படி பத்துக்கு நான்கு. கச்சிதமாக வரைந்து எட்டு வாங்கிய ஒருவரிடம் பாக்கெட் எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். "அது எந்த சாப்டர் சார்?"

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. பொருளாதாரம் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஐந்தாண்டு கழித்துச் சோதித்தால் வித்தியாசமே தெரியாது என்று 1963-இலேயே ஜார்ஜ் ஸ்டிக்லர் அமெரிக்காவில் சொன்னார். அங்கே பல்தேர்வுச் சோதனைகள் வந்தன. 1986-இல் லீ ஹேன்சன் வேறு பக்கம் போனார்: பட்டதாரிக்குத் தரவைத் தேடி எடுக்க, நடப்பை விளக்க, கற்றதைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பாருங்கள் என்றார். எனக்கு ஹேன்சன்தான் பிடிக்கும். ஆனால் அவர் சொல்வதைத் திருத்த நேரமாகும். எனக்கோ நான்கு வகுப்பு.

இந்த செமஸ்டர் வரைபடம் கேட்கவில்லை. எண்ணெய் தட்டுப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி கொடுத்து, 'காரணம் விலையா, ஒதுக்கீடா, விநியோகமா?' என்று கேட்டேன். கட்டம் சிவப்பானது. "கேள்விய லேசாக்குங்க, அங்கீகாரம் புதுப்பிக்கிற வருஷம்" என்றார் மூத்த சகா. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அங்கீகாரம் போனால் பிள்ளைகளின் பட்டத்துக்கு மதிப்பில்லை. முன்னேற்றத் திட்டப் படிவத்தில் 'பயிற்சி வகுப்பு நடத்தப்படும்' என்று எழுதினேன். கேள்வியை மாற்றவில்லை.

அடுத்து கோழி. 2023 நவம்பரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். பசாரில் போய் விசாரித்துவிட்டு வந்து எழுதச் சொல்லப்போகிறேன்.