சுவாமி மாடிக்குப் போகலாமா?

சாத்தான்குளத்தில் அந்தப் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவாயிற்று. மகன் வரைபடத்தை விரித்துக் காட்டினார். எண்பது வயதைக் கடந்த தாயார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏலே, சாமி மாடிக்குப் போயிட்டாரு, நான் எப்படி ஏறுவேன்?" என்றார். மகனிடம் பதில் இல்லை.

திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என நேராக நீளும் நெல்லைச் சீமை வீடு அது. ஆடிக்காற்று தடையின்றி ஊடுருவும். தேரியின் செம்மண் புழுதியும் கூடவே வரும் என்பது வேறு கதை. பட்டாசலில் படுத்தபடியே சுவாமி விளக்கைத் தரிசிக்கலாம். ஆனால், குளியலறை புறவாசலுக்கு அப்பால் இருந்தது. ஐப்பசி மழையிரவு ஒன்றில் அங்கே வழுக்கி விழுந்துதான் தாயார் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

வரைபடம் மாறிற்று. பூஜையறை கீழே, ஈசானிய மூலைக்கு வந்தது. அதையொட்டித் தாயாரின் அறை, அதனுள்ளேயே குளியலறை. சுவரில் பிடிமானக் கம்பி, சொரசொரப்பான தரை, சக்கர நாற்காலி நுழைய 3 அடி அகலக் கதவு. உள்ளறைகளுக்கு நிலைப்படி வேண்டாம் என்பதற்குத் தாயார் இசைந்தார். தலைவாசலுக்கு மட்டும் இசையவில்லை. மகாலட்சுமி வாசம் செய்யும் இடமல்லவா? அங்கே தாழ்வானதொரு படி வைத்தார்கள்.

வாசல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். அடிக்குப் பன்னிரண்டடி வீதம் 18 அடி நீளச் சரிவுப்பாதை தேவை என்றார் பொறியாளர். அவ்வளவு இடம் கார் நிறுத்தவென ஒதுக்கிய பகுதியில்தான் இருந்தது.

கட்டில் போடவேண்டிய இடத்தைத் தாயாரே காட்டினார். கண் விழித்தால் விளக்கு தெரிகிறது. கார் தெருவில், வேப்பமரத்தடியில் நிற்கிறது.