கையும் கண்ணும்

தங்கச்சியின் மாப்பிள்ளை ஜப்பானிலிருந்து வந்த பாவித்த காரொன்று வாங்கியிருந்தார். கொழும்பிலிருந்து ஊர் திரும்புகையில், மன்னம்பிட்டி தாண்டிப் பாதை நேராக நீண்டதும், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"பயப்படாதீங்க மச்சான், கார் பாத்துக்கும்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தது. வெள்ளைக் கோடுகளுக்குள் தானாகப் போயிற்று. முன்னால் லொறி மெதுவானால் தானும் மெதுவானது. இடைக்கிடை சிணுங்கும், மச்சான் ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் தொடுவார், அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் மற்றக் கையில் கைத்தொலைபேசி. நான் பாதையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின் சீற்றில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் கண்ணும் எப்போது செருகியதோ தெரியாது. பிரேக் அலறியதில் விழித்தால், காருக்கு ஒரு முழம் முன்னால் ஒரு மாடு. எங்களைப் பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்தது. பிரேக் பிடித்தது தானா, காரா என்று மச்சானுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஏச வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன். அந்த அசதி எனக்குப் பழக்கமானது. சாதாரண தரப் பரீட்சைக்கு நோக்குநராக நிற்கும் மூன்று மணித்தியாலம், நாள் முழுக்கப் படிப்பிப்பதைவிடக் களைப்பு. செய்ய ஒன்றுமில்லை, பார்க்க மட்டும் வேண்டும். 1940களில் இங்கிலாந்தில் மக்வேர்த் என்ற உளவியலாளர், விமானப்படையினரை இரண்டு மணித்தியாலம் ஒரு முள்ளைப் பார்த்திருக்கச் செய்தார். எப்போதாவது அது இரட்டைத் துள்ளல் துள்ளும்; அதைக் கண்டு சொல்ல வேண்டும். அரை மணித்தியாலம் கடந்ததும் தவறவிடுவது கூடிற்று.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில், ஊபர் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதை கடந்த பெண்ணொருவரைக் கொன்றது. மோதுவதற்கு 5.6 செக்கன்களுக்கு முன்பே காரின் ராடார் அவரைக் கண்டுவிட்டது; வாகனமா, சைக்கிளா என்று மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டிருந்தது. கண்காணிக்க இருத்தப்பட்டவர் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் அவர்தான். நிறுவனத்தின்மீது குற்ற வழக்கு இல்லை. அவர் செய்தது பிழை, மறுக்கவில்லை. ஆனால் முதலில் அந்தக் கார்களில் இருவர் இருந்தார்கள். விபத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் நிறுவனம் ஒருவரைக் குறைத்தது. பரீட்சை மண்டபத்தில் தனியாக நின்று பார்த்தவனுக்கு இது விளங்கும்.

"அது ஏன் மச்சான் சிணுங்குது?" என்று கேட்டேன்.

"ஸ்டியரிங்கில கை இருக்கா எண்டு கேக்குது."

"கண் இருக்கா எண்டு கேக்காதா?"

கண்ணைப் பார்க்கும் கமரா சில புதிய கார்களில் உண்டு. எங்களதில் இல்லை. மச்சான் பதில் சொல்லவில்லை. வாழைச்சேனை வரும்வரை இரு கைகளாலும் பிடித்து ஓட்டினார். நான் வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தேன்.