போதும் என்று சொல்வது யார்?

நியூயார்க் நகரத்தில் ஃப்ளஷிங் என்று ஒரு பேட்டை. அங்கே 1977-ல் கும்பாபிஷேகம் நடந்த பிள்ளையார் கோயில் இருக்கிறது. கோயில் கேன்டீன் தோசை நம் ஊர்த் தோசைக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. அங்கிருந்து சில மைல் தள்ளி 'மெட்ஸ்' என்ற பேஸ்பால் அணியின் மைதானம். ஆகவே தோசைக்குக் காத்திருக்கும் ஆண்களின் பேச்சில் பாதி பேஸ்பால்தான். வீட்டுக்கு வந்தாலும் ஓய்வதில்லை. என் கணவரும் மேல் போர்ஷனில் குடியிருக்கும் அமெரிக்கப் பெரியவரும் மாடிப்படியில் நின்று பேச ஆரம்பித்தால், சாம்பார் ஆறி, மறுபடி சூடாகி, மறுபடியும் ஆறிவிடும்!

எங்கள் பிள்ளை பந்து எறியப் பழக ஆரம்பித்ததும் நானும் காது கொடுத்துக் கேட்கலானேன். கேட்கக் கேட்க, அவர்கள் சண்டை போடும் விஷயம் நம் வீட்டு விஷயம்தான் என்று பட்டது.

பேஸ்பால் தெரியாத சகோதரிகளுக்காக இரண்டு வார்த்தை. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்து வீசுபவர் மாறுவார். இங்கே ஒருவரே தொடர்ந்து எறிவார். அவரை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்பவர் மானேஜர். ஒரு தடவை வெளியே எடுத்துவிட்டால் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரை அவுட்டாக்க வேண்டும். எதிர் அணிக்கு ஒரு 'ஹிட்' கூடக் கொடுக்காமல் முடித்தால் அது 'நோ-ஹிட்டர்'. நூற்றைம்பது வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் தடவைதான் நடந்திருக்கிறது. ஒருவரையுமே தளத்தில் கால் வைக்க விடாமல் முடித்தால் 'பெர்ஃபெக்ட் கேம்'. 2025 முடியும்வரை மொத்தம் 24 தான்.

நோ-ஹிட்டர் நடந்துகொண்டிருக்கும்போது அந்த வார்த்தையை அணியில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எறிகிறவர் பக்கத்தில் போய் உட்காரக்கூட மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம்! திருஷ்டிக்குக் கடலேது, தேசமேது?

மாடிப்படிச் சண்டை பெரும்பாலும் ஜோஹன் சந்தானா என்பவரைப் பற்றித்தான். 1962-ல் தொடங்கிய மெட்ஸ் அணிக்கு ஐம்பது வருஷமாக ஒரு நோ-ஹிட்டர் கூட வாய்க்கவில்லை. 2012 ஜூன் 1-ம் தேதி சந்தானா அதைச் சாதித்தார். அது அந்த அணியின் 8,020-வது ஆட்டம். ஆனால் அவர் 2010-ல் தோளில் ஆபரேஷன் செய்துகொண்டு, 2011 முழுவதும் ஆடாமல் இருந்தவர். அன்று எறிந்ததோ 134 பந்துகள். அவர் வாழ்நாளில் ஓர் ஆட்டத்தில் அத்தனை எறிந்ததே இல்லை. மானேஜர் டெரி காலின்ஸ் அவரை நிறுத்தவில்லை. ஆட்டம் முடிந்து ஊரே கூத்தாடியபோது அவர் மட்டும் அந்தத் தோளை நினைத்துக் கலங்கிப்போயிருந்தார். சந்தானா இன்னும் பத்து ஆட்டங்கள் ஆடினார். 2013-ல் தோள் மறுபடி கிழிந்தது. அதன் பிறகு பெரிய அணிகளில் அவர் பந்து எறியவே இல்லை. அந்த ஓர் இரவால்தான் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

"ஐம்பது வருஷம் காத்திருந்தோம். விடாமல் இருந்ததுதான் சரி" என்பார் பெரியவர்.

"ஆறு வருஷத்துக்கு 13.75 கோடி டாலர் பேசி எடுத்த ஆள். அப்படியா போட்டு வாட்டுவாங்க? எறியாத 2013-க்கும் 2.55 கோடி கொடுத்தாங்களே" என்பார் இவர்.

ஒருவருக்கு அந்தக் கை ரசிகர்களின் சொத்து. இன்னொருவருக்கு முதலாளியின் சொத்து. வலிக்கப் போவது யாருக்கு என்பது மட்டும் பேச்சில் வரவே வராது!

சம்பளம் என்றதும் எல்லோருக்கும் வயிறு எரியும். 2024 டிசம்பரில் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோ என்பவரைப் பதினைந்து வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் பேசி எடுத்தது. "இவ்வளவு வாங்கறவன் கை போனா என்ன, கால் போனா என்ன?" என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பெரிய அணிகளுக்கு ஒரே ஒரு படி கீழே ஆடும் பையன்களுக்கு 2023-க்கு முன்னால் வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 17,500 டாலர்தான். சங்கம் சேர்ந்து பேசிய பிறகுதான் அது 35,800 ஆயிற்று. சோட்டோ ஆக வேண்டும் என்று கனவு கண்டு தோளைத் தேய்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் தோளுக்கு எந்தக் கோடி வந்து நிற்கும்?

மறுபக்கமும் உண்டு. 2016-ல் ராஸ் ஸ்ட்ரிப்லிங் என்ற பையன் டாட்ஜர்ஸ் அணிக்காக முதன்முதலாகப் பெரிய ஆட்டத்தில் இறங்கினான். 2014-ல்தான் முழங்கை ஆபரேஷன் ஆகியிருந்தது. எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. நூறு பந்து ஆனதும் மானேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவனை வெளியே எடுத்தார். ஆட்டமும் தோற்றுப்போனது. கேட்க வேண்டுமா, ராபர்ட்ஸைத் திட்டித் தீர்த்தார்கள்! ஆனால் பையனின் அப்பா அவரைத் தேடிப் போய் நன்றி சொன்னார் என்று பத்திரிகைகளில் வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. 2018-ல் அந்தப் பையன் ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானான்.

அதே ராபர்ட்ஸ் 2022 ஏப்ரலில் கிளேட்டன் கெர்ஷா என்ற பெரிய ஆட்டக்காரரை, ஏழு இன்னிங்ஸ் பெர்ஃபெக்டாக எறிந்த நிலையில், எண்பதாவது பந்தோடு நிறுத்தினார். முந்தைய வருஷம் கையில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவர்; அந்த வருஷப் பயிற்சியும் குறைவு. முடிவு சரிதான் என்று கெர்ஷாவே சொன்னார். பெர்ஃபெக்ட் கேம் அவருக்கு வாய்க்கவே இல்லை. ஆனால் 2025 வரை ஆடிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

சிறுவர் ஆட்டத்தில் இந்த முடிவை யாருடைய மனசுக்கும் விடவில்லை. 2007 முதல் 'லிட்டில் லீக்'கில் எண்ணிக்கைச் சட்டம் இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 66 அல்லது அதற்கு மேல் போனால் நாலு நாள் ஓய்வு. எண்ணுவதற்குப் பெரும்பாலும் எங்களைப் போன்ற அம்மாக்கள்தான். கையில் ஒரு சின்னக் கருவி. ஒவ்வொரு பந்துக்கும் ஓர் அமுக்கு.

பன்னிரண்டு வயதில் எங்கள் பிள்ளை ஒரு சனிக்கிழமை ஐந்து இன்னிங்ஸ் எறிந்தான். ஒரு ஹிட்டும் இல்லை. இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் பாக்கி. என் கையில் 85. கோச் திரும்பிப் பார்த்தார், எண்ணைக் காட்டினேன். பணக் கணக்குப் பேசும் இவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "சரியா எண்ணினியா?" என்றார்.

"எண்ணினேன்" என்றேன்.

காரில் வரும்போது பிள்ளை விம்மி விம்மி அழுதான். "நீ ரெண்டு மூணு தடவை அமுக்காம விட்டிருக்கலாமேம்மா?"

என்ன பதில் சொல்வது? "உன் கைதாண்டா எனக்குப் பெரிசு" என்றேன். அன்று அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சிப் பகுதி உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் முதலில் அடிபடுவது அதுதான். எறிகிற பிள்ளைகளுக்கு வருஷத்தில் நாலு மாதமாவது எறிதலுக்கு லீவு விட வேண்டும் என்பது இங்கே தரப்படும் யோசனை. முழங்கையோ தோளோ வலித்தால் அன்றைக்கே நிறுத்தி, டாக்டரிடம் காட்ட வேண்டும். தைலம் தடவி மறுநாள் அனுப்பும் வேலையே கூடாது.

உங்கள் வீட்டில் பேஸ்பால் இருக்காது. கிரிக்கெட் கோச்சிங் இருக்கும், அரங்கேற்றம் இருக்கும், நீச்சல் போட்டி இருக்கும். "வலிக்குதா?" என்று கேட்டால் பிள்ளைகள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். வாயைப் பார்க்காதீர்கள். இரவு சாதம் பிசைகிற கையைப் பாருங்கள்.