பெயரை மட்டும் நீக்கும் அழைப்பு

திங்கள்

வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பெருத்துக் கிடந்த லாக் கோப்பை அங்கிருந்தவர்கள் ஏற்கெனவே அழித்திருந்தார்கள். ஆனாலும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்றே காட்டியது. டியூ கூட்டிச் சொன்ன கணக்கு அதில் பாதிகூட வரவில்லை. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் ஓட்டிப் பார்த்தேன். அழித்த லாக், 'டெலீட்டட்' என்ற குறியோடு பட்டியலில் இருந்தது. சர்வீஸ் அதைத் திறந்து வைத்து இன்னமும் எழுதிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் இடம் மொத்தமும் திரும்பிவிட்டது.

செவ்வாய்

"ஆர்எம் அடிச்சா ஃபைல் போயிடணும்தானே, அண்ணே?" என்று கேட்டான், புதிதாகச் சேர்ந்த தம்பி. யுனிக்ஸில் டைரக்டரி என்பது பெயரும் ஐநோடு எண்ணும் கொண்ட வெறும் பட்டியல். கோப்பின் உரிமையாளர், அளவு, தரவு இருக்கும் இடம் எல்லாம் ஐநோடில்தான் இருக்கின்றன. ஆர்எம்முக்கு அடியில் இருக்கும் அன்லிங்க் சிஸ்டம் கால் அந்தப் பட்டியலில் ஒரு வரியை எடுத்துவிட்டு, ஐநோடின் இணைப்பு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும். அவ்வளவுதான். ரேஷன் அட்டையில் பெயரை அடித்துவிட்டால் ஆளே இல்லாமல் போய்விடுவாரா? எண்ணிக்கை 0 ஆகி, திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ராசஸும் மூடிய பிறகே கெர்னல் இடத்தை விடுவிக்கும்.

புதன்

அதைக் கண்ணால் பார்க்க இருவரும் ஒரு சின்ன சி நிரல் எழுதினோம். கோப்பைத் திறந்த கையோடு அன்லிங்க். பிறகு அதிலேயே எழுதி, தொடக்கத்துக்குப் போய்ப் படித்தோம். எழுதியது அப்படியே வந்தது. எஃப்ஸ்டாட் காட்டிய இணைப்பு எண்ணிக்கை 0. தற்காலிகக் கோப்புக்கு இது பழைய, அருமையான உத்தி: நிரல் நடுவில் செத்தாலும் குப்பை மிஞ்சாது.

வியாழன்

தம்பியின் டைரக்டரிக்குள் ரூட் பெயரில், அவன் எழுத முடியாத ஒரு கோப்பை வைத்தேன். அவன் அன்லிங்க் அழைத்தான். 0 திரும்பியது, கோப்பைக் காணோம். மாறுவது டைரக்டரியின் பட்டியல் என்பதால் அதில் எழுதவும் நுழையவும் அனுமதி இருந்தால் போதும். எல்லோரும் எழுதும் டிஎம்பி டைரக்டரிக்கு, பிறர் கோப்பை அழிக்கவிடாத ஸ்டிக்கி பிட் தேவைப்படுவது இதனால்தான். சிம்பாலிக் லிங்கைக் கொடுத்தால் லிங்க் மட்டும் போகும், அது காட்டும் கோப்பு தப்பிக்கும். டைரக்டரியைக் கொடுத்தால் லினக்ஸ் -1 திருப்பும். அதற்கு ஆர்எம்டிஐஆர் இருக்கிறது.

வெள்ளி

1971இல் வந்த யுனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே அன்லிங்க் இருக்கிறது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் வகுத்த இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். ஒருவர் அழித்தார் என்பதற்காக, படித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் கையிலிருந்து கோப்பு பிடுங்கப்படுவதில்லை. ஓடும் நிரலுக்கு அடியில் லைப்ரரியைப் புதுப்பிக்க முடிவதும் இதனால்தான். ஆனால் பழைய லைப்ரரியைப் பிடித்திருக்கும் ப்ராசஸ் பழையதையே ஓட்டும். பாதுகாப்புத் திருத்தம் போட்டுவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாதவர் ஓட்டையை அடைக்கவே இல்லை. இதைத் தம்பிக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட முடிந்ததில் எனக்கு நிறைவு.